மறவாத பெருமானும் திருநாவுக்கரசு நாயனாரும்

மனிதராய்ப் பிறந்தோருக்கு வரும் துன்பங்கள் பல. வறுமை ஒரு துன்பம். நோய் ஒரு துன்பம். உற்றாரைப் பிரிதல் இன்னொரு துன்பம். இவை யாவற்றிலும் கொடியது, தம்மை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்ற எண்ணம் உள்ளத்தில் குடிபுகுவதாகும். உறவினர் மறந்தாலும் ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். கும்பிட்ட தெய்வமும் மறந்துவிட்டதோ என்று மனம் கலங்கும்போது பிடித்துக்கொள்ள வேறு கொம்பு இல்லை. இத்தகைய கலக்கம் ஏதோ பக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் வருவது என்று நாம் நினைத்துவிடக் கூடாது. சமயகுரவர் நால்வருள் ஒருவராகிய திருநாவுக்கரசு நாயனாரின் வாழ்விலும் அது ஒரு தடவையன்று, பல தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அது எவ்வாறு தீர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையில் வந்த பெருந்துயர்

திருமுனைப்பாடி நாட்டிலே திருவாமூர் என்னும் ஊரில், வேளாளர் குலத்துக் குறுக்கையர் குடியிலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் முதலில் ஒரு பெண்மகவும், சில ஆண்டுகளின் பின் ஓர் ஆண்மகவும் பிறந்தன. மூத்தவர் திலகவதியார். இளையவர் மருள்நீக்கியார். இவரே பின்னாளில் திருநாவுக்கரசரானவர். இவர் வாழ்ந்த காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர்களின் முடிபு.

திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயது நிரம்பும் காலத்தில், அரசனிடம் சேனாதிபதியாக இருந்த கலிப்பகையாருக்கு அவரை மணம் பேசினார்கள். மணம் நிறைவேறுமுன் கலிப்பகையார் வடநாட்டவருடன் போர் செய்யப் புறப்பட்டுவிட்டார். அக்காலத்திலே புகழனார் நோயுற்று இறைவனடி சேர்ந்தார். கணவரைப் பிரிந்து வாழ விரும்பாத மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். தாய் தந்தையரை இழந்த துயர் ஆறுமுன்னரே, போர்க்களத்தில் கலிப்பகையார் மாண்டார் என்ற செய்தியும் வந்து சேர்ந்தது.

தமக்கு என்று பேசப்பட்டவர் இறந்தபின் தாமும் உயிர் வாழ்வதில்லை என்று திலகவதியார் துணிந்தார். அப்போது சிறுவராகிய மருள்நீக்கியார் தமக்கையாரின் காலடியில் விழுந்து அழுதார். தாயும் தந்தையும் போனபின் தமக்கையே தமக்குத் தாயும் தந்தையும் என்றும், அவரும் போவதாயின் தாம் அவருக்கு முன்னே போவதாகவும் சொன்னார். தம்பி உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காகவே திலகவதியார் தம் உயிரைத் தாங்கினார். பொன் நகைகளை நீக்கி, எல்லா உயிர்க்கும் அருள் பூண்டு, வீட்டிலேயே தவம் இருந்தார்.

இந்த ஒரு நிகழ்ச்சியை நன்கு கவனித்தல் வேண்டும். கேட்பாரற்றுப் போன அந்தச் சிறுவனுக்கு இறைவன் உடனே காட்சி கொடுக்கவில்லை. ஒரு தமக்கையைக் கொடுத்தான். இறைவனுடைய அன்பு அநேகமாக அப்படித்தான், மனித உருவிலேயே முதலில் வந்து சேர்கின்றது.

மறந்தவரும் மறவாதவரும்

வளர்ந்தபின் மருள்நீக்கியார் செல்வத்தின் நிலையாமையை உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். சோலைகள் வளர்த்தார், குளங்கள் தோண்டினார். ஆயினும் மனம் அமைதி அடையவில்லை. இளமையிலேயே மூன்று மரணங்களைக் கண்டவர் அவர். உலகம் நிலையாதது எனின் நிலையானது எது என்று பல சமய நூல்களையும் ஆராய்ந்தார். அக்காலத்தில் தமிழ் நாட்டில் செல்வாக்கோடு விளங்கியது சமண சமயம். பாடலிபுத்திரம் என வழங்கிய திருப்பாதிரிப்புலியூரிலே அவர்களின் பெரிய பள்ளி இருந்தது. மருள்நீக்கியார் அங்கு சென்று சேர்ந்து, அந்நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயருடன் அவர்களுக்கு ஆசிரியராகவும் விளங்கினார்.

திலகவதியாரின் நிலையை நாம் நினைத்துப் பார்க்கலாம். எவருக்காக உயிரைத் தாங்கினாரோ, அந்தத் தம்பியும் அவரை விட்டுப் போய்விட்டார். தனித்து விடப்பட்ட அந்த அம்மையார் யாரையும் வைது கொண்டிருக்கவில்லை. கெடில நதிக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அங்கே ஒரு திருமடம் அமைத்துக்கொண்டார். நாள்தோறும் விடியுமுன் எழுந்து திருக்கோயிலைத் திருவலகால் கூட்டினார். கோமயத்தால் மெழுகினார். பூக் கொய்து மாலை கட்டினார். தம்பியை மீட்டுத் தரவேண்டும் என்ற ஒரே விண்ணப்பத்தைப் பலமுறை இறைவனிடம் வைத்தார்.

அந்த விண்ணப்பத்துக்கு உடனே விடை கிடைக்கவில்லை. கூட்டிய முற்றத்தையே மறுநாளும் கூட்டினார். கட்டிய மாலையையே மறுநாளும் கட்டினார். காத்திருத்தல் என்பதும் ஒரு வழிபாடே. கடைசியில் ஒருநாள் இரவு பெருமான் அவருடைய கனவில் தோன்றி, கவலை ஒழியுமாறும், அவர் தம்பி முற்பிறப்பிலேயே தம்மை அடையத் தவம் செய்தவர் என்றும், சூலை நோயைக் கொடுத்து அவரை ஆட்கொள்ளப் போவதாகவும் அருளினார் என்று சேக்கிழார் சுவாமிகள் கூறுகின்றார். தம்பி இறைவனை மறந்திருந்த காலத்திலும் இறைவன் தம்பியை மறந்திருக்கவில்லை என்பது அன்றே திலகவதியாருக்குத் தெரிந்துவிட்டது.

சூலை நோய்

தருமசேனரைச் சூலை நோய் பற்றியது. வயிற்றினுள் எரியும் அனல்போல அது குடலைக் குடைந்தது. சமண முனிவர்கள் தாம் அறிந்த மந்திரங்களைச் செபித்தார்கள். மயிற்பீலியால் தடவினார்கள். நோய் குறையாமல் வளரவே, செய்வதறியாது கைவிட்டு நீங்கினார்கள். பெரிய ஆசிரியர் என்று கொண்டாடப்பட்டவர் இப்போது துணையின்றிக் கிடந்தார். அந்த வேளையில் அவருக்கு நினைவு வந்தது தமக்கையார் ஒருவரே. தமக்கு உணவு சமைப்பவனை இரகசியமாகத் திருவதிகைக்கு அனுப்பினார்.

திலகவதியாருக்குத் தம்பிமேல் இருந்த அன்பு குறைந்ததன்று. ஆயினும் தாம் அந்தப் பள்ளிக்கு வருவதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். தமக்கையாரும் கைவிட்டாரோ என்று தருமசேனர் ஒரு கணம் கலங்கியிருக்கக்கூடும். ஆனால் தமக்கையார் அடைத்தது ஒரு வழியை மட்டுமே. தம்பி எழுந்து வரவேண்டிய வழியை அவர் திறந்தே வைத்திருந்தார். அன்புடையோர் சில வேளைகளில் வராமல் இருப்பதும் நம்மை வரவழைப்பதற்கே.

தருமசேனர் உடுத்த பாயையும், உறியிலிருந்த குண்டிகையையும், மயிற்பீலியையும் அங்கேயே விட்டு, வெண்ணிற ஆடை உடுத்து, ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு இரவோடிரவாகப் புறப்பட்டார். திருவதிகையை அடைந்து தமக்கையாரின் காலில் விழுந்தார். விட்டுப் போனதைப்பற்றி அந்த அம்மையார் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இறைவன் திருவருளை எண்ணித் தொழுது, திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். பின்பு திருவலகும் கோமயமும் எடுத்துக்கொண்டு, திருப்பள்ளியெழுச்சி வேளையிலே தம்பியையும் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே பிறந்ததே நாயனாருடைய முதலாவது திருப்பதிகம். அதைப் பாடி முடிக்கச் சூலை நோய் நீங்கியது. திருநாவுக்கரசு என்ற திருநாமமும் இறைவனாலேயே சூட்டப்பெற்றது. அப்பதிகத்திலே தாம் இறைவழிபாட்டை மறந்தறியாதவர் என்ற பொருள்பட நாயனார் பாடியிருப்பது படிப்போருக்கு வியப்பைத் தரும். பல ஆண்டுகள் வேறு சமயத்தில் இருந்தவர் இப்படிப் பாடலாமோ என்று கேட்கத் தோன்றும். முற்பிறப்பின் தவத்தொடர்பு அறாமல் இருந்தது என்பது ஒரு விடை. அவர் மறந்திருந்த நாட்களில் அவருக்காகத் தமக்கையார் மறவாதிருந்தார் என்று கொள்வதும் பொருந்தும். ஒரு குடும்பத்தில் ஒருவர் விளக்கேற்றி வைத்தால் அந்த வெளிச்சம் எல்லோர்மேலும் விழுகின்றதல்லவா?

வந்த சோதனைகள்

ஆட்கொள்ளப்பட்டபின் துன்பம் தீர்ந்து போயிற்று என்று சொல்வதற்கில்லை. நாயனார் சைவத்துக்கு மீண்டதைக் கேள்வியுற்ற பல்லவ அரசன் அவரைத் தண்டிக்க ஆணையிட்டான். அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர் பலரது கருத்து. நாயனாரை ஏழு நாட்கள் சுண்ணாம்பு நீற்றறையில் அடைத்து வைத்தார்கள். நஞ்சு கலந்த பாற்சோறு கொடுத்தார்கள். மதயானையை ஏவினார்கள். முடிவில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். நாயனார் திருவைந்தெழுத்தையே துணையாகக்கொண்டு நமச்சிவாயத் திருப்பதிகம் பாடினார். கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையிலே அவரைச் சேர்த்தது. அரசனும் மனம் மாறிச் சைவனானான்.

கரை சேர்த்த ஊர் எது என்பது சிந்திக்கத்தக்கது. எந்த ஊருக்கு இறைவனை விட்டுப் போனாரோ, அந்த ஊரின் கரையிலேயே இறைவன் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அதன்பின் நாயனார் கையில் உழவாரப் படையோடு தலம் தலமாகச் சென்றார். திருக்கோயில் வீதிகளிலும் மதில்களிலும் முளைத்த புல்லைச் செதுக்கினார். சீர்காழியில் திருஞானசம்பந்தப் பிள்ளையாரைச் சந்தித்தபோது, அப்பிள்ளையார் அவரை அப்பர் என்று அழைத்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர், அன்று முதல் உலகுக்கே அப்பரானார். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது அடியார்களுக்கு அன்னமிடுவதற்காக இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது. கைத்தொண்டு செய்த அப்பருக்கு வட்டம் இல்லாத நற்காசே கிடைத்தது என்பர்.

மறைக்காடும் வாய்மூரும்

யாழ்ப்பாணக் கரைக்கு எதிரே, கடலுக்கு அப்பால் உள்ளது வேதாரணியம் எனப்படும் திருமறைக்காடு. அங்கே வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட கதவு திறக்கப்படாமல், வேறொரு வாயில் வழியாகவே மக்கள் சென்று வழிபட்டு வந்தார்கள். சம்பந்தப் பிள்ளையார் கேட்டுக்கொண்டபடி அப்பர் கதவு திறக்கப் பாடினார். கதவு உடனே திறக்கவில்லை. இரங்கி வேண்டிப் பதிகத்தை நிறைவு செய்தபின்பே திறந்தது. பின்பு கதவு அடைக்கச் சம்பந்தர் பாடினார். முதற் பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது.

அன்றிரவு அப்பருக்கு உறக்கம் வரவில்லை. தமக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்? தாம் இறைவனுடைய திருவுள்ளத்தை அறியாமல் நடந்துகொண்டோமோ? இவ்வாறு எண்ணி மடத்தின் ஒரு பக்கத்தில் கவலையோடு கிடந்தார். கடலிலும் கலங்காத பெரியவர், ஒரு கதவு தாமதித்துத் திறந்ததற்குக் கலங்கினார். அன்பு மிக்க இடத்தில்தான் இத்தகைய கலக்கமும் மிகும். பிறர் மறந்தால் நாம் பொருட்படுத்துவதில்லை. நெஞ்சார நேசித்தவர் முகம் திருப்பினால் தாங்க முடிவதில்லை.

அந்த வேளையிலே பெருமான் தோன்றி, தாம் வாய்மூரில் இருப்பதாகவும் தம்மைத் தொடர்ந்து வரும்படியும் சொன்னார். அப்பர் எழுந்து ஓடினார். முன்னே போகும் திருவுருவம் தெரிந்தது, ஆனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. வாய்மூரை நெருங்கியபோது அதுவும் மறைந்துவிட்டது. வரச் சொல்லிவிட்டு மறைந்த பெருமானை நினைந்து அப்பர் ஏங்கினார். அதற்குள் செய்தி அறிந்த சம்பந்தப் பிள்ளையார் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தார். பெருமான் பிள்ளையாருக்குக் காட்சி கொடுக்க, பிள்ளையார் அதனை அப்பருக்குக் காட்டினார். அப்பர் கண்ணாரக் கண்டு பாடினார்.

இங்கே இருவருக்குள் போட்டியோ பொறாமையோ இருக்கவில்லை. பாட்டில் முந்திய பிள்ளையார் பெரியவரைத் தனியே விடாமல் தேடி வந்தார். அவர் காட்டியதை ஏற்றுக் காணப் பெரியவருக்கும் மனம் இருந்தது. தனிமையில் வாடுகின்ற ஒருவரைத் தேடிச் செல்லும் அடியார், இறைவனுடைய காட்சியையே கொண்டு செல்கின்றார் என்பது இதனால் விளங்கும்.

பைஞ்ஞீலி வழியும் கயிலை வழியும்

திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிலே நாயனார் பசியாலும் தாகத்தாலும் மிகவும் இளைத்தார். எவரிடமும் கேட்கவில்லை, நடப்பதையும் நிறுத்தவில்லை. வழியில் ஒரு சோலையும் குளமும் தோன்றின. பொதிசோறு வைத்திருந்த அந்தணர் ஒருவர் அவரை உண்ணச் செய்து, நீர் அருந்தச் செய்து, தாமும் பைஞ்ஞீலிக்கே போவதாகக் கூறி உடன் நடந்தார். ஊர் நெருங்கியதும் மறைந்துவிட்டார். உடன் வந்தவர் யார் என்பது அப்போதுதான் நாயனாருக்குத் தெரிந்தது. அதுவரை வழித்துணை என்றே அவரை எண்ணியிருந்தார்.

முதுமையில் திருக்கயிலையைக் காணும் ஆசை எழுந்தது. காளத்தி, சீபருப்பதம், காசி எல்லாம் கடந்து வடக்கே நடந்தார். கால்கள் தேய்ந்தபின் கைகளால் ஊன்றிப் போனார். கைகளும் தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தார். அதுவும் முடியாதபோது புரண்டார். முனிவர் ஒருவர் எதிர்ப்பட்டு, மானிடரால் கயிலையை அடைதல் அரிது, திரும்பிச் செல்லுக என்றார். காணாமல் திரும்புவதில்லை என்று நாயனார் உறுதியாகச் சொல்லிவிட்டார். முனிவராக வந்த பெருமான் அங்கிருந்த பொய்கையில் மூழ்கும்படி பணித்தார். மூழ்கியவர் எழுந்த இடம் திருவையாற்றுத் திருக்குளம். தேய்ந்த உடம்பு முன்போல் ஆயிற்று. யானையும் கோழியும் குயிலும் மயிலும் தத்தம் துணையோடு எதிர்வர, அவை யாவும் சிவமும் சத்தியுமாகவே அவருக்குத் தோன்றின. திருவையாறே கயிலையாயிற்று.

நாயனார் கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று போலத் தோன்றும். உண்மையில் கேட்டதே கிடைத்தது. எங்கோ தொலைவில் தேடியது, காவிரிக் கரையில், தம் நாட்டிலேயே கிடைத்தது. இன்றும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றிலே அப்பர் கயிலைக் காட்சி பெருவிழாவாகக் கொண்டாடப்படுகின்றது.

திருப்புகலூர்

இறுதிக் காலத்தை நாயனார் திருப்புகலூரில் கழித்தார். முதுமையிலும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. புல் செதுக்கிய இடங்களில் பொன்னும் மணியும் கிடந்தன. அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தால் ஏந்தித் திருக்குளத்தில் எறிந்தார். அரம்பையர் வந்து ஆடிப் பாடியும் அவர் மனம் திரும்பவில்லை. எண்பத்தோராவது வயதில், ஒரு சித்திரைச் சதயத்தன்று, பெருமான் திருவடியிலே கலந்தார்.

மறைந்து கிடந்த பதிகங்கள்

நாயனார் பாடியவை 4900 பதிகங்கள் என்று சொல்லப்படும். நமக்குக் கிடைத்தவை 312. இவை 4ஆம், 5ஆம், 6ஆம் திருமுறைகளாக உள்ளன. தேவார ஏடுகள் தில்லைத் திருக்கோயிலில் ஓர் அறையினுள் பூட்டப்பட்டு, கறையான் புற்று மூடிக் கிடந்தன என்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவற்றை வெளிப்படுத்தினர் என்றும் வரலாறு கூறும். முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவோர் 48 பேரையும், வாத்தியம் இசைப்போர் இருவரையும் நியமித்தமை அங்குள்ள கல்வெட்டால் அறியப்படுகின்றது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் நாயன்மார் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடினார். அதனை எல்லோரும் படித்தறியும்படி 1852இல் வசன நடையில் அச்சிட்டு வழங்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் ஆவார்.

உலகம் மறந்தே போனதென்று எண்ணத்தக்க பாடல்கள், இன்று நம் ஊர்க் கோயில்களிலே சிறு பிள்ளைகளின் வாயிலும் ஒலிக்கின்றன. இறைவனுக்கென்று செய்யப்பட்டது எதுவும் கறையானுக்கு இரையாகி முடிந்துவிடுவதில்லை.

நாம் பெறும் ஆறுதல்

இன்று எங்கள் கிராமங்களிலே எத்தனையோ வீடுகளில் முதியவர்கள் தனித்திருக்கின்றார்கள். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றார்கள். வாரம் ஒரு தடவை தொலைபேசி மணி அடிக்கும், சில வாரங்களில் அதுவும் அடிக்காது. இடம்பெயர்ந்து அலைந்தவர்களும், திரும்பி வராதவர்களை நினைத்து வாசலைப் பார்த்திருப்பவர்களும் எங்கள் மத்தியில் உள்ளனர். இவர்களுக்கு வெறும் ஆறுதல் வார்த்தை சொல்வது எளிது, ஆனால் அது போதாது.

அப்பர் பெருமானின் வரலாறு அவர்களுக்குச் சொல்வது இதுதான். தாமதம் என்பது மறதியன்று. பெற்றோரை இழந்தபோதும், நோயில் கிடந்தபோதும், கதவு திறவாதபோதும், வழியில் பசித்தபோதும் பெருமான் அவரைக் கைவிட்டிருக்கவில்லை. தமக்கையாகவும், வழித்துணையாகவும், தேடி வந்த பிள்ளையாராகவும் அருகிலேயே இருந்தான். நாயனாரும் காத்திருந்த காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தம்மால் இயன்ற தொண்டைச் செய்துகொண்டே காத்திருந்தார்.

ஆகவே தனித்திருப்போர் விடியற்காலையில் ஆலய முற்றத்துக்கு வரலாம். ஒரு பிடி புல்லைப் பிடுங்கலாம், ஒரு மாலை கட்டலாம். அதற்கு உடல்நிலை இடம் தராதவர்கள் படுக்கையிலிருந்தே திருவைந்தெழுத்தை ஓதலாம். ஏனையோருக்கும் ஒரு கடமை உண்டு. அயல் வீட்டிலே தனித்திருக்கும் முதியவரைத் தேடிச் சென்று, திருநீறும் பிரசாதமும் கொடுத்து, சிறிது நேரம் அவருடன் இருந்து பேசி வருதல் வேண்டும். வாய்மூருக்குத் தேடி வந்த சம்பந்தப் பிள்ளையார் செய்ததும், திருவதிகையில் காத்திருந்த திலகவதியார் செய்ததும் அதுவே.

ஆலயத்தில் நால்வர் சந்நிதியிலே உழவாரத்தைத் தோளில் சார்த்தி நிற்கும் அப்பர் திருவுருவத்தை வணங்கும்போது, அவரை மறவாத பெருமான் நம்மையும் மறவான் என்ற உறுதியோடு வணங்குவோமாக. சித்திரைச் சதயக் குருபூசைத் தினத்தில் அடியார்கள் யாவரும் ஒன்றுகூடி அவர் அருளிய திருப்பதிகங்களை ஓதி, எல்லாம் வல்ல சிவபெருமானின் திருவருளைப் பெற்றுய்வோமாக.

திருச்சிற்றம்பலம்